வரி நீங்கியது, வலி நீங்கிற்றா?

இடர் வந்த பின் பிறர் வாயிலில் நின்று கையேந்தாதிருக்க, இடர் வருமுன்னரே பலர் கூடிச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வைக்கும் ஏற்பாடே காப்பீடு. ஊரில் ஒருவன் கூரை எரிந்தால், ஊரார் அனைவரும் ஓலையும் மூங்கிலும் கொணர்ந்து வேய்ந்து தந்த பழைய அறத்தின் புது வடிவம் அது. அவ்வறத்தைக் கடைச்சரக்காக்கி விலை வைத்தனர். அதனோடு அமையாமல், அச்சரக்கின் மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரியும் வைத்து எட்டாண்டுகள் தண்டினர். நோய்க்கு அஞ்சுபவனிடமும் சாவுக்கு அஞ்சுபவனிடமும், அவ்வச்சத்திற்காகவே வரி தண்டிய அரசை என்னென்பது?

இவ்வினாவை எதிர்க்கட்சியார் மட்டுமே எழுப்பியிருந்தால், கட்சிப் பூசல் என்று தள்ளியிருப்பர். ஆனால் எழுப்பியவர் ஆளுங்கட்சியின் முன்வரிசையில் இருப்பவர். நாகபுரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் நடுவண் அமைச்சருமாகிய நிதின் கட்கரி, 2024 சூலை 28ஆம் நாள் நிதியமைச்சர் நிருமலா சீதாராமனுக்கு ஒரு மடல் விடுத்தார். நாகபுரியிலுள்ள வாழ்நாள் காப்பீட்டுக் கழக ஊழியர் அமைப்பினர் தந்த முறையீடே அம்மடலுக்கு அடிப்படை. காப்பீட்டுத் தவணைக்கு வரி வைப்பது, வாழ்வின் நிலையாமைக்கே வரி வைப்பதாகும் என்பது அதன் கருத்து. மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கு வருமான வரியில் மீண்டும் கழிவு தருதல், வாழ்நாள் காப்பீட்டின் வழிச் சேமிப்போர்க்குத் தனிச் சலுகை, அரசுடைமைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றிணைத்தல் என வேறு மூன்று குறைகளையும் அது சுட்டியது.

ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் காப்பீட்டைப் பற்றித் தம் அரசையே வினவியது இது முதன்முறையன்று. 1955 திசம்பரில் பெரோசு காந்தி என்னும் பேராயக் கட்சி உறுப்பினர், தனியார் காப்பீட்டு முதலாளிகள் பொதுமக்கள் பணத்தைத் தம் சொந்த வணிகத்திற்குச் சுருட்டிய கதையை மக்களவையில் புட்டுப் புட்டு வைத்தார். அடுத்த திங்களிலேயே, 1956 சனவரி 19ஆம் நாள், வாழ்நாள் காப்பீட்டை நடுவணரசு தன் கைக்குக் கொண்டுவந்தது. 245 நிறுவனங்களை ஒன்றாக்கி, அவ்வாண்டு செபுத்தம்பர் முதல்நாள் வாழ்நாள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. ஓராண்டு நிறையுமுன்னரே அக்கழகத்தின் பணமே முந்திரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் ஒரு கோடி உருபாவுக்கு மேல் முறைகேடாக இடப்பட்டது. அதனையும் 1957 திசம்பரில் அவரே வெளிக்கொணர்ந்தார். சாக்ளா உசாவலின் முடிவில், 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருட்டிணமாச்சாரி பதவி துறந்தார்.

அன்று ஓர் உறுப்பினர் வினவினார். இரண்டு திங்களுக்குள் ஒரு துறையே பொதுவுடைமை ஆயிற்று. இன்று ஓர் அமைச்சரே வினவினார். விடைவரப் பதின்மூன்று திங்கள் ஆயின. இடையில் அமைச்சர் குழு அமைந்தது, கூடியது, கலைந்தது, மீண்டும் கூடியது. 2023–24ஆம் ஆண்டில் மட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தவணை வரியாக 8,262 கோடி உருபா அரசுகளின் கருவூலத்தில் விழுந்தது. அதில் ஒரு பங்கு மாநில அரசுகளுக்கும் சென்றது என்பதை மறைத்தல் நேர்மையன்று. தில்லியைக் குறைகூறிக்கொண்டே தம் பங்கை எண்ணி வாங்கியோரும் இக்குற்றத்திற்கு உடந்தையரே.

இறுதியில், 2025 செபுத்தம்பர் 3ஆம் நாள் கூடிய வரிமன்றம், தனியாள் எடுக்கும் வாழ்நாள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரிவிலக்கு வழங்கியது. செபுத்தம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நன்று, வரவேற்கத் தக்கதே. ஆனால் விழா எடுத்து முழக்கம் இடுமுன், கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டுக்கு 20,000 உருபா தவணை செலுத்தும் ஒருவர், முன்னர் 3,600 உருபா வரியும் சேர்த்து 23,600 கட்டினார். வரி நீங்கியதால் 20,000 கட்டினார். நிறுவனம் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து உயர்த்துமாயின், அடுத்த ஆண்டு 22,000. அதற்கடுத்த ஆண்டு 24,200. இரண்டே ஆண்டுகளில் வரிவிலக்கு முழுவதும் கரைந்து, பழைய தொகைக்கும் மேல் 600 உருபா ஏறிவிட்டது. அரசு வலக்கையால் கொடுத்ததை வணிகன் இடக்கையால் வாங்கிக்கொண்டான்.

இக்கணக்கு வெறுங்கற்பனையன்று. அறுபது அகவை நிரம்பியோரின் தவணையை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதாயின் முன்கூட்டித் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 சனவரியில் ஆணையிட்டது. முதியோர் கட்டும் தவணைகள் பன்மடங்கு ஏறியதைக் கண்ட பின்னரே இவ்வேலி போடப்பட்டது. ஆயின் அவ்வேலி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. அறுபதுக்குக் கீழ்ப்பட்ட உழைப்பாளியை அவ்வாணை தொடவே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. முன்னர் நிறுவனங்கள் தாம் தண்டிய வரியிலிருந்து, முகவர் கழிவுக்கும் கட்டட வாடகைக்கும் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொண்டன. விலக்கு வந்ததும் அவ்வழி அடைபட்டது. அச்செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதனை நிறுவனம் தன் வருவாயிலிருந்து ஏற்கலாம், முகவரின் கழிவில் வெட்டலாம், தவணையில் ஏற்றலாம். இம்மூன்றில் வணிகன் கடைசியாகத் தேர்ந்தெடுப்பது எது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

விலை ஏறினாலும் சரக்கு நன்றாயின் பொறுக்கலாம். அதுவும் இல்லை. 2023–24ஆம் ஆண்டில் மருத்துவக் காப்பீட்டின்கீழ் மக்கள் கேட்ட தொகை ஏறத்தாழ 1.17 இலக்கம் கோடி உருபா. கிடைத்தது நூற்றுக்கு 71 அளவே. தவணையைக் கண்டிப்பாய்த் தண்டும் நிறுவனம், தான் கொடுக்க வேண்டிய நாளில் விதிமுறைப் பொத்தகத்தைப் புரட்டுகிறது. அப்பொத்தகமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. மகளின் மருத்துவத்திற்காகத் தாலியையும் அடகு வைத்த தாய், தான் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அன்றுதான் அறிகிறாள். புரியாத மொழியில் எழுதி வாங்கும் ஒப்புதல் ஒப்புதலா? கண்ணைக் கட்டி எழுதி வாங்கியதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

வறியோர்க்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கின்றதே என்பர். இருக்கிறது, பல உயிர்களைக் காத்தும் இருக்கிறது. ஆனால் குடும்ப ஆண்டு வருவாய் 1,20,000 உருபாவுக்கு உட்பட்டோர்க்கே அது உரியது. அஃதாவது திங்களுக்குப் பத்தாயிரம். பன்னீராயிரம் ஈட்டும் நெசவாளியும் பதினையாயிரம் ஈட்டும் கடை எழுத்தரும் செல்வரா? அரசின் கணக்கில் அவர்கள் ஏழைகளல்லர். வணிகனின் விலைக்கு முன் அவர்கள் செல்வருமல்லர். இடைநடுவே நசுங்குவோர் இவர்களே.

இந்நிலையில் தில்லி என்ன செய்தது? காப்பீட்டில் அயல்நாட்டு முதலீட்டு வரம்பு தொடக்கத்தில் 26 விழுக்காடு; 2015இல் 49; 2021இல் 74. 2025 திசம்பரில் நிறைவேறிய சட்டம் அதனை முழு நூறாக்கிவிட்டது. அச்சட்டத்தின் பெயர் ‘சப்கா பீமா சப்கி ரக்சா’. எல்லார்க்கும் காப்பீடு, எல்லார்க்கும் காவல் என்பது அதன் பொருளாம். எல்லார்க்கும் உரியதென்று சொல்லும் சட்டத்திற்கு, எல்லார்க்கும் புரியாத இந்தியில் பெயர்! காப்பதற்கோ அயல்நாட்டு முதலாளி! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றிய இந்தியா உள்ளிட்ட அரசுடைமை நிறுவனங்களுள் மூன்றை ஒன்றிணைப்பதாக 2018இல் அறிவித்து, 2020இல் கைவிட்டனர். 2021இல் அவற்றைத் தனியார்க்கு விற்க வழிசெய்யும் சட்டத்தையும் இயற்றினர். கட்கரி மடலின் முதற் குறைக்கு விடை கிடைத்தது. ஒன்றிணைப்புக் குறையோ குப்பையில் கிடக்கிறது.

செய்ய வேண்டுவன தெளிவாகவே உள்ளன. தவணை உயர்வுக்கு எல்லா அகவையினர்க்கும் வரம்பு வேண்டும். தொழிலாளர்க்குக் கூட்டாக எடுக்கப்படும் காப்பீட்டிற்கும் வரிவிலக்கு வேண்டும். அரசுடைமை நிறுவனங்களை விற்காமல் வலுப்படுத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அரசு மருத்துவமனைகள் செழிக்க வேண்டும். நல்ல அரசு மருத்துவமனை உள்ள ஊரில் தனியார் கட்டணம் தானே அடங்கும்.

மக்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. காப்பீட்டின் சுருக்க விளக்கத்தாளை மக்கள் கேட்கும் தம் மொழியில் தருதல் வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. அதனைத் தமிழில் கேட்டு வாங்குக. தொகை மறுக்கப்பட்டால் கரணியத்தை எழுத்தில் கேட்குக. முதலில் நிறுவனத்திடமே முறையிடுக. அதற்கும் இணங்காவிடின், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லுக. அங்குக் கட்டணம் இல்லை. கேளாதவனுக்கு எவனும் கொடுப்பதில்லை.

வரி நீங்கியது உண்மை. அது நீங்கியது, ஊழியர் சிலர் முறையிட்டதாலும் உறுப்பினர் ஒருவர் வாய் திறந்ததாலும்தான். ஒரு மடலுக்கு இவ்வளவு விளைவென்றால், தமிழ்நாட்டிலிருந்து சென்று அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவரும் ஒரு குரலாய் வினவினால் என்னதான் விளையாது? வாக்குக் கேட்க வருவோரிடம் மக்கள் இதனைக் கேட்கட்டும்!