பிரேக்கர் இருக்கிறதே என்னும் சமாதானம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்பர் வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள், வருஷத்தின் பெரும்பகுதி அதைத் தம் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன. அப்படி நிற்கும் காலத்திலும் அதற்கு மின்சாரம் வேண்டியிருக்கிறது. பாட்டரி வற்றாமல் இருக்க வேண்டும், பிரயாணத்துக்கு முந்திய நாளே குளிர்பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும், வந்த விருந்தினர் இரண்டொருவர் இரவில் அதில் படுத்துறங்கவும் கூடும். முகாம் மைதானங்களில் இவ்வண்டிகளுக்கென்றே 30 ஆம்பியர், 50 ஆம்பியர் சாக்கெட்டுகள் நட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சுவரிலோ 15 அல்லது 20 ஆம்பியர் சாக்கெட்டுதான் உண்டு. சுவருக்கும் வண்டிக்கும் இடையில் உள்ள தூரத்தை ஓர் எக்ஸ்டென்ஷன் கார்டைக் கொண்டு கடந்துவிடுவது வழக்கம். எந்தக் கார்டு என்று கேட்டால், அண்டை வீட்டாரும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் சொல்லுகிறார்கள்: "வெளியில் போடுகிற ஆரஞ்சு நிறக் கார்டு எதுவானாலும் போதும், சுவரிலிருந்து வருவது எப்படியும் 15 ஆம்பியர்தானே? மிஞ்சினால் பிரேக்கர் விழுந்துவிடும்." கேட்பதற்கு நியாயம்போல் தோன்றுகிற இந்த அபிப்பிராயத்தின் ஒவ்வோர் அங்கமும் பிழை என்பதும், அந்தப் பிழை தீ விபத்து வரையில் கொண்டுபோய்விடக்கூடியது என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் பிரேக்கரை எடுத்துக்கொள்வோம், மற்ற எல்லாச் சமாதானங்களுக்கும் அதுவே அஸ்திவாரம் ஆகையால். வீட்டின் மின்பெட்டியில் இருக்கும் பிரேக்கர் சுவருக்குள் ஓடுகிற கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டதேயன்றி, நாம் கடையில் வாங்கிவந்து மாட்டுகிற கார்டைக் காப்பதற்காக வைக்கப்பட்டதன்று. 15 ஆம்பியர் பிரேக்கருக்குப் பின்னால் சுவரில் 14 கேஜ் செப்புக் கம்பியும், 20 ஆம்பியர் பிரேக்கருக்குப் பின்னால் 12 கேஜ் கம்பியும் இருக்க வேண்டும் என்பது பிரமாணம். அந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்பது மட்டுமே பிரேக்கருக்குத் தெரியும். 16 கேஜ் கார்டு 50 அடி நீளத்தில் 13 ஆம்பியரும், 100 அடி நீளத்தில் 10 ஆம்பியரும் தாங்கும் என்று குறிக்கப்பட்டு விற்கிறது. 20 ஆம்பியர் இணைப்புள்ள ஒரு கராஜில் அந்த 100 அடிக் கார்டை மாட்டி 17 ஆம்பியர் இழுத்தால், பிரேக்கர் தன் எல்லைக்குள்தான் இருக்கிறது. கார்டோ தன் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. கம்பியில் எழும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது; 10 ஆம்பியர் 14 ஆம்பியர் ஆகும்போதே சூடு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. அதற்கு மேல், பிரேக்கர் தன் அளவைச் சற்றே மீறினதும் அக்கணமே விழுந்துவிடும் என்று நம்புவதும் தவறு. சிறிய மீறலுக்கு அது நிதானமாகச் சூடேறி, பல நிமிஷங்களோ அதற்கும் மேலோ கழித்தே விழும். பெரிய மீறலுக்குத்தான் உடனே விழும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் சுமைக்கு பிரேக்கரின் அளவில் எண்பது சதவீதத்தையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மின் விதி சொல்லுகிறது. அதாவது 15 ஆம்பியர் சாக்கெட்டில் 12, 20 ஆம்பியர் சாக்கெட்டில் 16.

"கார்டு தடிமனாகத்தானே இருக்கிறது" என்பது அடுத்த சமாதானம். தடிமனாகத் தெரிவது மேலுறை. உள்ளே ஓடும் செம்பு எவ்வளவு என்பதை அந்த உறையின்மேல் அச்சிட்ட எழுத்துத்தான் சொல்லும். 16/3, 14/3, 12/3 என்று அதில் இருக்கும். முதல் எண்தான் கேஜ்; அது குறையக் குறையக் கம்பி தடிக்கிறது. இரண்டாவது எண், எர்த்தையும் சேர்த்து உள்ளே மூன்று கம்பிகள் உண்டு என்பதற்கு அடையாளம். வெயிலும் மழையும் தாங்கும் கார்டுக்கு அந்த எழுத்து வரிசையில் 'டபிள்யூ' இருக்கும். ஆரஞ்சு நிறம் இவற்றில் எதற்கும் சாட்சியாகாது.

நீளத்தைப் பற்றிய அலட்சியத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன். ஏனெனில் இங்கே கணக்கு மிகவும் எளிது, இருந்தும் அதைப் போட்டுப் பார்ப்பவர் சிலரே. 16 கேஜ் செப்புக் கம்பியின் தடை ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 4 ஓம். 50 அடிக் கார்டில் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், அது கடக்கும் தூரம் 100 அடி, தடை 0.4 ஓம். அதில் 12 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 5 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 58 வாட் உஷ்ணமாகக் கார்டின் நீளம் முழுவதும் பரவுகிறது. அதே கார்டு 100 அடியானால் இழப்பு 10 வோல்ட்டை நெருங்குகிறது. சுவர்க் கம்பியிலேயே ஏற்கெனவே இரண்டொரு வோல்ட் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்தால், 120 என்று புறப்பட்டது வண்டியின் வாசலில் 108க்கு வந்து நிற்கும். 12 கேஜ் கார்டை 50 அடியில் போட்டால் இழப்பு 2 வோல்ட்டுக்குள் அடங்குகிறது. 10 கேஜ் போட்டால் 1.2 வோல்ட்தான். சுருளைப் பிரிக்காமல் உபயோகித்தாலோ, விரிப்புக்கு அடியில் ஓடவிட்டாலோ, அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி ஓரிடத்தில் குவிந்து உறையை இளக்கிவிடும். ஒரே இரவுதானே என்று சொல்வதற்கும் இங்கே இடமில்லை. கார்டு இளகுவதற்கு ஓர் இரவு தாராளமாகப் போதும்.

நம் தேசத்திலிருந்து சென்று அங்கே குடியேறியவர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டில் பழகிய கையும் கண்ணும், மெல்லிய கம்பியைக் கண்டு அஞ்சாமல் இருப்பது இயல்பு. ஆனால் 1,400 வாட் சாதனம் ஒன்று நம்மூரில் 6 ஆம்பியர் இழுத்தால், அங்கே 12 ஆம்பியர் இழுக்கிறது. அதே கார்டில் அந்த மின்னோட்டம் எழுப்பும் உஷ்ணம் நான்கு மடங்கு. ஊரில் நிர்விசாரமாகப் பயன்படுத்திய கம்பியின் பருமனை அங்கே பிரமாணமாகக் கொள்ளலாகாது.

வோல்ட் குறைந்தால் என்ன, சற்று மந்தமாக ஓடும், அவ்வளவுதானே என்பது இன்னொரு வாதம். வெந்நீர்க் கொதிகலன்போல் வெறும் தடைக்கம்பியால் வேலை செய்யும் சாதனத்துக்கு இது உண்மைதான். நீர் காய்வதற்குச் சற்று அதிக நேரமாகும், வேறு தீங்கில்லை. ஏர்கண்டிஷனருக்கு இது பொருந்தாது. கேம்பரின் கூரைமேல் இருக்கும் 13,500 பி.டி.யூ. ஏர்கண்டிஷனர் ஓடும்போதே 12 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் இதைப்போல் பல மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தில் மெல்லிய கார்டில் வோல்ட் சட்டென்று சரிகிறது. மோட்டார் சுழலமாட்டாமல் திணறி, நின்ற நிலையிலேயே பெருமளவு மின்சாரத்தை உள்வாங்கித் தன் சுருளைத் தானே சுட்டுக்கொள்கிறது. ஒரே நாளில் அது கருகிவிடாமல், கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதால், குற்றவாளி கார்டு என்பது யாருக்கும் புலப்படுவதில்லை. பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் இக்காலத்துக் கன்வர்ட்டரோ, வோல்ட் குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்ட அதிக ஆம்பியரை இழுத்து, கார்டின் சூட்டை இன்னும் கூட்டுகிறது.

வண்டியின் 30 ஆம்பியர் பிளக்கைச் சுவரின் 15 ஆம்பியர் சாக்கெட்டில் பொருத்தும் அடாப்டரைக் கடையிலேயே விற்கிறார்களே, அதுவே இது சரி என்பதற்கு அத்தாட்சியாகாதா என்று கேட்பவரும் உண்டு. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுகிறதே ஒழியச் சுவரின் சக்தியை மாற்றுவதில்லை. 3,600 வாட்டுக்கென்று அமைந்த வண்டி, தொடர்ச்சியாக 1,440 வாட்டுக்கு மேல் தரலாகாத சாக்கெட்டில் மாட்டப்பட்டிருக்கிறது என்ற நிலைமை அப்படியேதான் இருக்கிறது. வெந்நீர்க் கொதிகலன் ஒன்றே ஏறக்குறைய 12 ஆம்பியர் கொள்ளும்; குளிர்பெட்டி மின்சாரத்தில் ஓடினால் சுமார் 3 ஆம்பியர். ஆகவே கொதிகலனைக் காஸுக்கு மாற்றிவிட்ட பிறகே கார்டை மாட்ட வேண்டும். மாட்டி அரைமணி கழித்துப் பிளக்குகளின் வெளிப்புறத்தையும் அடாப்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை தாங்காத சூடானால் உடனே சுமையைக் குறைத்து இணைப்பை நீக்குங்கள். கம்பி நன்றாக இருந்தும், தளர்ந்த சாக்கெட்டிலும் கறுத்த பிளக் தகட்டிலும் தொடங்கும் தீ உண்டு.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. கராஜிலும் வெளிச்சுவரிலும் உள்ள சாக்கெட்டுகளில் ஜி.எஃப்.சி.ஐ. என்னும் காப்புச் சாதனம் இருக்கும். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 5 மில்லி ஆம்பியர் அளவு வித்தியாசம் வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். கேம்பரை மாட்டியதும் அது விழுகிறது என்று சலித்துக்கொண்டு, காப்பில்லாத சாக்கெட்டைத் தேடிப் போகிறவர்களும், கார்டின் எர்த் முனையையே வெட்டியெறியச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைவிடக் கொடிய யோசனை இருக்க முடியாது. கேம்பர் ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் உலோகக் கூடு. எர்த் அறுந்திருக்கையில் உள்ளே ஒரு கம்பி பழுதுபட்டால், அந்தக் கூடு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரப்புல்லில் வெறுங்காலுடன் நின்று கதவுப் பிடியைத் தொடும் குழந்தையின் உடல் வழியாகவே அது பூமிக்கு இறங்கும். ஜி.எஃப்.சி.ஐ. விழுகிறது என்றால் பெரும்பாலும் வண்டிக்குள் ஏதோ கோளாறு என்று பொருள். வண்டியின் பிரேக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கொதிகலனின் தடைக்கம்பி வெடித்திருப்பது பெரும்பாலும் இப்படி வெளிப்படும். எல்லாம் அணைந்திருக்கும்போதே விழுந்தால், வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவோ என்று சந்தேகிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது மின்பணியாளரின் வேலை.

இவ்வளவும் சொன்னதால், 10 கேஜ் கார்டைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று எதிர்க்கோடிக்குப் போகிறவர்களோடு நான் உடன்படுகிறேன் என்று கொள்ள வேண்டாம். பாட்டரியைப் பேணவும் இரண்டு விளக்கு எரியவும் மட்டுமே வேண்டுமானால் 50 அடி 14 கேஜ் கார்டு குறைவின்றிப் போதும். குளிர்பெட்டியையும் சேர்த்து ஓட்ட நினைப்பவர் 12 கேஜ் வாங்கட்டும். வண்டியைச் சுவரருகே நிறுத்தி, 25 அடியில் முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஏர்கண்டிஷனர் ஓட வேண்டுமென்றால் கார்டைத் தேடுவதை விட்டுவிட்டு, தகுந்த மின்பணியாளரைக் கொண்டு முற்றத்தில் 30 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைப் பதித்துக்கொள்ளுங்கள். அது 120 வோல்ட் சாக்கெட் என்பதை அவரிடம் வேலைக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; 30 ஆம்பியர் என்றதும் துணி உலர்த்தியின் நினைவில் 240 வோல்ட் கொடுத்து, வண்டியின் சாதனங்களைக் கருக்கிவிட்ட சம்பவங்கள் நிகழ்ந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் வண்டியை மாட்டுவதற்கு முன்னால் மீட்டரை வைத்து வோல்ட்டைப் பாருங்கள். 120ஐ ஒட்டிய எண்ணைக் கண்ணால் கண்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள்.