நடுவர் எழுந்து சென்ற பின்

கணவன் மனைவியரிடையே பிளவு நேருமென்று அஞ்சினால், இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு திருமறை (4:35) பணிக்கின்றது. சமாதானத்தை நாடினால் அல்லாஹ் இணக்கத்தை உண்டாக்குவான் என்றும் வாக்களிக்கின்றது. தலாக்கிற்கு முன்னர் இத்தகைய சமரச முயற்சி நடைபெற்றிருக்க வேண்டுமென உச்ச நீதிமன்றமும் 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில் வலியுறுத்தியது.

ஆனால் நம் ஊர்களில் நடப்பதென்ன? ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்தார் கூடுகின்றனர். இரு வீட்டாரும் உரத்த குரலில் குறைகளை அடுக்குகின்றனர். இறுதியில் ஒரு தாளில் கையொப்பம் பெறப்படுகின்றது. சில திங்களில் அதே தம்பதியர் மீண்டும் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கின்றனர். காரணம் வெளிப்படை. அன்று எல்லோரும் பேசினர். பேச வேண்டிய அவ்விருவர் மட்டும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், "நீர் மகிழ்வுடன் இருப்பதையும் சினமுற்றிருப்பதையும் நான் அறிவேன்" என்ற கருத்தில் கூறினார்கள். மகிழ்வான வேளையில் அன்னையார் 'முஹம்மதின் இறைவன் மீது' ஆணையிடுவார்கள். சினமுற்ற வேளையில் 'இப்ராஹீமின் இறைவன் மீது' ஆணையிடுவார்கள். ஒரு சொல் மாறியதையும் செவிமடுத்த கணவர் நம் நபி! அன்னையாரும், தாம் விலக்குவது பெயரை மட்டுமே என விடையளித்தார்கள்.

இன்று தம்பதியர் ஆலோசனை வழங்குவோர் பழக்குவதும் இதையே. ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாது கேட்டு, கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிக் கூறுவர். இது ஓரிரவில் கைகூடாது. பல வாரங்கள் வேண்டும். வீட்டில் தொடராவிடில் கற்றதும் நாளடைவில் தேயும்.

நடுவர் தகுதியும் சிந்திக்கத்தக்கது. நம் உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுப் பராந்தக சோழன் கல்வெட்டு, வாரியத்தில் அமர்வோர் 35 முதல் 70 வயதுக்குட்பட்டோராக இருத்தல் வேண்டும் என்றும், கணக்குக் காட்டாதோர் விலக்கப்படுவர் என்றும் விதித்தது. ஏரியையும் தோட்டத்தையும் காக்கவே இத்தனை ஆய்வெனில், ஓர் இல்லத்தைக் காக்க அமர்வோரை உரத்த குரலும் செல்வாக்கும் கொண்டா தேர்வது?

நடுவர் வற்புறுத்தவும் கூடாது. முகீஸை விட்டுப் பிரிந்த பரீராவிடம் நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். "இது கட்டளையா?" என அவர் வினவ, பரிந்துரையே என்றார்கள். அவர் மறுத்தார், நபியவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அடியும் அச்சமும் நிலவும் வீட்டிற்குப் பெண்ணைத் திருப்பியனுப்புதல் சமாதானமன்று.

ஆகவே ஜமாஅத்தார், இரகசியம் காக்கும் பக்குவமிக்க ஆண்களையும் பெண்களையும் இப்பணிக்கு அமர்த்துவார்களாக! இருவரையும் தனித்தும் இணைத்தும் பலமுறை பேச வைப்பார்களாக! மூன்று திங்களிலும் ஓராண்டிலும் மீண்டும் சென்று நலம் வினவுவார்களாக! சமாதானத்தின் மெய்ம்மை கையொப்பத்தில் இல்லை. நடுவர் எழுந்து சென்ற பின் அவ்வீட்டில் ஒலிக்கும் பேச்சில் இருக்கின்றது.

நம் இல்லங்களில் அல்லாஹ் அன்பையும் கருணையையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.