நாகையைப் பார்க்காத நாகைக் கட்டுரைகள்

டிசம்பர் 26 நெருங்கினால் ஆழிப்பேரலைக் கட்டுரைகள். ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் அணைக் கட்டுரைகள். நாகப்பட்டினத்து வாசகர்கள் நாளிதழ்களுக்கு எழுதி அனுப்புபவற்றில் பெரும்பாலானவை அச்சேறுவதில்லை. ‘ஆளைத் தெரிந்தால்தான் போடுவார்கள்’ என்று எழுதியவர்கள் குறைப்படுகிறார்கள். அப்படி நடப்பதே இல்லை என்று சாதிக்க முடியாது. ஆனாலும் முதற்காரணம் அதுவல்ல. தான் எழுதும் ஊரை எழுதுபவரே போய் விசாரிக்காததுதான்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு கட்டுரை வருகிறது. கரிகாலன், கல்லணை என்று இரண்டு பத்தி ஓடுகிறது. பிறகு நெற்களஞ்சியத்தின் பெருமை. கடைசியில், ‘அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்’. எந்த வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை? மதகின் ஷட்டர் இயங்குகிறதா, துருப்பிடித்து நிற்கிறதா? தூர்வாரிய மண்ணைக் கரையில் கொட்டினார்களா, அது முதல் மழைக்கே வாய்க்காலில் சரிந்ததா? குறுவைக்கு நாற்றுவிட்டவர் என்ன செய்தார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்தக் கட்டுரையைச் சிங்கப்பூரில் உட்கார்ந்தும் எழுதலாம். வெட்டாற்றங்கரையில் குடியிருப்பவர் எதற்கு?

அடுத்த காரணம், சரிபார்க்காமல் அனுப்புவது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள். 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். இன்னும் 45 என்றே எழுதுபவர்கள் உண்டு. தரங்கம்பாடி 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்தோடு போய்விட்டது; கட்டுரைகளில் மட்டும் நாகை மாவட்டத்தை விட்டு நகர மறுக்கிறது. பழைய கட்டுரையை வைத்துப் புதிய கட்டுரை எழுதினால் இப்படித்தான் ஆகும். இப்படி ஒரு தவறு கண்ணில் பட்டால், மற்ற எண்களை ஆசிரியர் எப்படி நம்புவார்? மொழிப்பிழையை மேசையிலேயே திருத்திவிடலாம்; இல்லாத தகவலை யார் சேர்ப்பது?

எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நியாயமாகாது; இதழ்களுக்கும் பொறுப்பு உண்டு. 1876இல் நாகையில் பிறந்த தமிழறிஞர் மறைமலையடிகள் கல்லூரியில் படித்தவரல்லர். உள்ளூரில் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார்; ‘நாகை நீலலோசனி’ என்ற உள்ளூர் இதழில் எழுதிக் கைபழகினார்; 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். இளைஞர் ஒருவர் எழுதிப் பழக ஊரிலேயே அன்று ஓர் இதழ் இடம் கொடுத்தது. மாவட்டப் பதிப்புகள் நடத்தும் நாளிதழ்களுக்கு இன்று அந்தக் கடமை இருக்கிறது. அனுப்பிய கட்டுரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், எழுதியவர் எதைத் திருத்துவார்? ‘தகவல் போதவில்லை’, ‘நீளம் அதிகம்’, ‘ஏற்கெனவே வந்த பொருள்’ என்று ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். அதை எழுதாத ஆசிரியர் குழுவுக்கு, நல்ல கட்டுரைகள் வருவதில்லை என்று அலுத்துக்கொள்ளும் உரிமை இல்லை.

எனவே எழுதுபவர்கள் வாய்க்கால் கரைக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் போய் நாலு பேரிடம் கேட்டு, துறை அலுவலகத்தில் எண்ணைச் சரிபார்த்து எழுதட்டும். கேட்ட நீளத்தில், ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்பட்டும். இதழ்கள் காரணம் சொல்லித் திருப்பட்டும். இதன் பிறகும் நாகைக் கட்டுரைக்கு இடம் கிடைக்கவில்லையென்றால், பாரபட்சம் என்ற குற்றச்சாட்டுக்கு இதழ்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.