ஜவான்களின் குடும்பங்கள்

1955இல் காங்கிரஸ் மகாசபை கூடியதால் தேசமெங்கும் பெயர்பெற்ற ஆவடி, இன்று டாங்கித் தொழிற்சாலைக்கும், விமானப்படை நிலையத்திற்கும், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமுக்கும் இருப்பிடமாக விளங்குகிறது. கணவன் எல்லைப்புறத்திலிருக்க, குடும்பபாரத்தைத் தனியே சுமக்கும் ஸ்திரீகள் அங்கும் அயலூர்களிலும் வசிக்கின்றனர்.

1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள் நிதி திரட்டுகிறோம். முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உதவித்தொகை முதலியவற்றைக் கவனிக்கின்றன. போற்றத்தக்க காரியங்களே. ஆயினும், விடுமுறையில் வந்த தகப்பனை அந்நியனெனக் கண்டு அஞ்சும் குழந்தைக்கும், நித்திரையிழந்த கணவனோடு வாழும் மனைவிக்கும் பணம் மருந்தாகுமா?

2023 டிசம்பரில், ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமெனப் புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் மனநலத் தொலைபேசிப் பிரிவு தொடங்கப்பட்டது. நன்று. ஆனால் தொலைபேசி வீட்டினுள் வந்து பாராது. தம்பதிகளை ஒருங்கே அமர்த்தி, தமிழிலோ ஹிந்தியிலோ பேசி, மனத்தாங்கலைத் தீர்க்கும் பயிற்சிபெற்ற சமூக சேவகரே தேவை.

அவர் படை அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவராயிருத்தல் கூடாது. வீட்டுத் துயரைச் சொன்னால் கணவனின் உத்தியோகத்திற்குக் கேடு விளையுமென்று அஞ்சுகிறவள் வாய் திறவாள். சொன்னது வெளிச்செல்லாதென்ற உறுதியே இவ்வேலைக்கு அஸ்திவாரம். ராணுவம் ஓர் இலாகா, ரிசர்வ் போலீஸ் வேறு இலாகா என்ற பேதமும் வேண்டாம். கண்ணீருக்கு இலாகா ஏது?

1952இல் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி இத்தகையோரைப் பயிற்றுவிக்கிறது. அவர்களில் சிலரை ஆவடியில் நியமிக்க மாகாண சர்க்கார் முன்வர வேண்டும். எல்லையைக் காப்பவனின் இல்லத்தைக் காப்பது தர்மமன்று, கடன்.