கத்தலும் ஒரு பாட்டுதான்!



"டேய், ஆட்டை அறுக்கிற மாதிரி இருக்குடா... நிறுத்துடா!"

திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! செல்போனைச் சத்தமாக வைத்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாட்டே இல்லை என்று சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பாட்டு 'ருத்ரா' என்கிற சிங்கப்பூர் குழுவுடையது. 1992-ல் ஆரம்பித்தது. பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே கர்ஜிப்பவர் பெயர் கதிர். டிரம்ஸ் அடிப்பவர் சிவா. பேரைப் பார்த்தீர்களா, நம்ம ஆளுங்க! டெத் மெட்டல் இசையில் வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகத்தையும் கலந்து 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. 2022-லும் ஒன்று போட்டார்கள். சினிமாவில் வராது, கல்யாண வீட்டிலும் போட மாட்டார்கள். அப்படியும் முப்பது வருஷம்!

இதற்குப் பங்காளி முறை ஆகவேண்டியது 'ஸ்க்ரீமோ'. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ பக்கம் வளர்ந்தது. அங்கே 'ஹெராயின்' என்று ஒரு குழு (பயப்படாதீர்கள், பெயர் மட்டும்தான்!). அதில் இருந்த ஒருவரே 'கிராவிட்டி ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தமாக கம்பெனி வைத்து நண்பர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டார். மெட்டல் உறுமும், ஸ்க்ரீமோ அழும். மேடைகூட வேண்டாம், ஒரு வீட்டுக் கூடம் போதும். ஐம்பது பேர் வந்தால் திருவிழா.

எங்கள் ரயில் பெட்டியில் இதைக் கேட்கிறவர்கள் நாலே பேர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டும்வரை ஒரு இயர்போனை இரண்டு காதுக்குப் பிரித்துக்கொள்வோம். அதுதான் எங்கள் ரசிகர் மன்றம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ருத்ராவின் 2003-ம் வருஷ ஆல்பத்தின் பெயர் 'குருக்ஷேத்ரா'. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் என் மாமா தெருக்கூத்து ஜமாவில் இருக்கிறார். துச்சாதனன் வேஷம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் "மாமா என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் "கூலி வேலை" என்பேன். அதுவும் பொய் இல்லை, பகலில் செங்கல் சூளைக்குத்தான் போகிறார். கூத்து என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். நம்மில் பாதிப் பேர் பாயைப் போட்டு விடிய விடியப் பார்த்தவர்கள்தானே? முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் எல்லாவற்றையும் மீறி மாமா குரல் கடைசி ஆள் வரை போகும். அப்போது யாராவது "கத்தாதே" என்றோமா? குழந்தைகள் பயந்து அம்மா முந்தானைக்குள் ஒளியும், அவ்வளவுதான்.

ஒருநாள் மாமாவிடம் ருத்ராவைப் போட்டுக் காட்டினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "தம்பி மூச்ச வயித்துலேர்ந்து எடுக்கிறாப்ல. தொண்டையில கத்தினா ஒரு ராத்திரிகூடத் தாங்காது" என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

விடியற்காலை மூன்று மணிக்குப் பாதி ஜனம் தூங்கிவிடும். முப்பது பேர்தான் விழித்திருப்பார்கள். மாமா குரலை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை. இன்றைக்குச் சில ஊர்களில் "பத்து மணிக்கு முடிச்சுடுங்க, அப்புறம் ஆர்கெஸ்ட்ரா" என்கிறார்கள். 2024-ல் 'ஜமா' படம் வந்தபோது மட்டும் கூத்தைப் பற்றி நாலு பேர் என்னிடம் விசாரித்தார்கள். அன்றுதான் வகுப்பில் முதன்முதலாக மாமாவைப் பற்றி உண்மையைச் சொன்னேன்.

மாணவர் பேரவைக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் சினிமா டான்ஸ் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அரைமணி நேரம் ஒரு ஜமாவுக்குக் கொடுங்கள். மேடை வேண்டாம், ஒர்க்‌ஷாப் முன்னால் உள்ள மைதானம் போதும். நான் மாமாவிடம் கேட்டுவிட்டேன். வருகிறேன் என்கிறார். மைக் மட்டும் வேண்டாமாம்.