அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல ₹2.76 லட்சம் இருக்கலாம்!

பரண்ல பழைய கம்ப்யூட்டர் கிடக்குதா? எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் சொந்த வீடோ கடையோ வெச்சிருந்த பல குடும்பங்கள்ல, 2000-களோட தொடக்கத்துல கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்கு மாறுச்சு. விண்டோஸ் 98 இல்லன்னா எக்ஸ்பி, அதுல டாலி. 2003-ல அப்பா மாடி கட்டினப்போ யாருக்கு, எந்தத் தேதியில, எந்த செக் கொடுத்தார்ங்கிறது அதுல இருக்கலாம்.

அதனால என்ன லாபம்? வீட்டை விற்கும்போது, 2001 ஏப்ரல் 1-க்குப் பிறகு மாடி கட்டின செலவை லாபத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின வீடுன்னா, இந்தியாவுல வசிக்கிறவங்க ரெண்டு விதமா கணக்குப் போட்டு, எதுல வரி கம்மியோ அதைக் கட்டலாம்: இண்டெக்சேஷன் இல்லாம 12.5%, இண்டெக்சேஷனோட 20%.

மாடிக்கு ₹4 லட்சம் ஆச்சுன்னு வைங்க. முதல் வழியில வரி ₹50,000 குறையும். ரெண்டாவது வழியில, 2003-04 குறியீடு 109, 2025-26 குறியீடு 376. அதனால அந்த ₹4 லட்சம் சுமார் ₹13.8 லட்சமா மாறும், வரி ₹2.76 லட்சம் குறையும். ஆனா "ஏதோ நாலு லட்சம் ஆச்சு"ன்னு சொன்னா ஆடிட்டர் ஏத்துக்க மாட்டார். டாலி என்ட்ரி மட்டுமே ஆதாரம் ஆகாது. ஆனா எந்த பில்லை, எந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தேடணும்னு அதுதான் வழி காட்டும்.

இதைத் திறக்க ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு பழைய பி.சி. வாங்கணுமா? வேண்டவே வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. விண்டோஸ் 98 கேட்டது வெறும் 16 எம்.பி. ராம். உங்க 8 ஜி.பி. லேப்டாப்ல அதைப் போல 500 மடங்கு இருக்கு. செலவு, ஹார்ட் டிஸ்கைக் கோக்கிற ஐ.டி.இ.-யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒண்ணுக்கு மட்டும்.

1. முதல்ல டிஸ்க்ல இருக்கிறதை முழுசா காப்பி எடுங்க. பழைய டிஸ்க் எப்போ நிக்கும்னு சொல்ல முடியாது.

2. எக்ஸெல் ஃபைல்னா எமுலேட்டரே தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் இலவசம், அதுலயே திறந்து பாருங்க.

3. டாஸ் புரோகிராமுக்கு டாஸ்பாக்ஸ், எக்ஸ்பிக்கு விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ் 98-க்கு 86பாக்ஸ். மூணுக்கும் காசு கிடையாது. 98-க்கு 256 எம்.பி. ராம் போதும், 512-ஐத் தாண்டினா அது தடுமாறும். எம் சீரிஸ் மேக்னா யு.டி.எம். பாருங்க, கொஞ்சம் மெதுவா ஓடும்.

4. விண்டோஸும் டாலியும் இலவசம் இல்லை. பழைய சி.டி., ப்ராடக்ட் கீ, லைசென்ஸ் பேப்பரையும் பரண்லயே தேடுங்க.

5. டேட்டா ஃபோல்டரை ஐ.எஸ்.ஓ. ஆக்கி, சி.டி. மாதிரி உள்ளே விடுங்க. 86பாக்ஸ்ல விர்ச்சுவல் டிஸ்கை வி.எச்.டி.யா வெச்சா, அதை ஷட் டவுன் பண்ணின பிறகு உங்க விண்டோஸ்லயே டபுள் கிளிக் பண்ணித் திறந்து, எக்ஸ்போர்ட் பண்ணின கணக்கை வெளியே எடுக்கலாம்.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2014 ஏப்ரல் 8-லயே முடிஞ்சிடுச்சு. எமுலேட்டர்ல நெட்வொர்க்கை ஆஃப் பண்ணிடுங்க. அதுக்குள்ள நெட் பேங்கிங் பக்கமே போகாதீங்க.

எல்லாத்தையும் சரியா செஞ்சாலும் கடைசியில டாலி கம்பெனி பாஸ்வேர்ட் கேட்கும். அதை எந்த எமுலேட்டரும் தராது, அப்பாவுக்குத்தான் தெரியும். வீடு விற்கிற அன்னிக்குக் கேட்டுக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே, இந்த ஞாயித்துக்கிழமையே உட்கார வெச்சுக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.