பிரேக் மிதி துடிக்கிறதா? அளந்து பார்க்கச் சொல்லுங்கள்!

காரில் போகிறார் ஒருவர். எதிரே மாடு வருகிறது. பிரேக்கை மிதிக்கிறார். மிதி அவர் காலை மேலே தள்ளுகிறது. தாழ்கிறது. மறுபடியும் தள்ளுகிறது. காலுக்கு அடியில் நாடி துடிப்பது போல இருக்கிறது.

"என்னங்க, வண்டி இப்படி உதறுது?" என்று கேட்கிறார் மனைவி. பின்னால் குழந்தைகள் உட்கார்ந்து இருக்கிறார்கள்.

மறுநாள் கார் பட்டறைக்குப் போகிறது.

"டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு சார். ரெண்டையும் மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக்.

மாற்றுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு. சில மாதங்கள் வண்டி சுகமாக ஓடுகிறது. பிறகு? பழையபடி அதே துடிப்பு!

பல வீடுகளில் நடக்கும் கதை இது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொன்னவரும் அளக்கவில்லை. கேட்டவரும் அளக்கச் சொல்லவில்லை. வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுத்தால் சும்மா இருப்போமா? காருக்கு மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

முடியை விட மெல்லியது

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. அதன் இரு பக்கமும் பேட் என்னும் கட்டைகள் இருக்கின்றன. மிதியை அழுத்தினால், பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. பேட்கள் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன.

தட்டின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடம் மெலிந்து, ஓர் இடம் தடித்து இருந்தால் பேட்கள் நெருங்கி நெருங்கி விலகும். அந்த அசைவு எண்ணெய் வழியாகத் திரும்பி வந்து காலைத் தள்ளுகிறது. துடிப்பு என்பது இதுதான்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் துடிக்கும்? ஒரு மில்லி மீட்டரை 50 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு போதும்! தலைமுடிகூடப் பொதுவாக இதைவிடப் பருமன். காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, சக்கரத்தைக் கழற்றி, பார்த்த உடனே "பெண்டு" என்று சொல்வது வெறும் ஊகம்.

உண்மைக் குற்றவாளி

தட்டு எப்படி ஒரே இடத்தில் மெலிகிறது?

தட்டு பொருந்தும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அங்கே துரு இருந்தால், தட்டு துளி சாய்ந்து உட்காரும். சக்கர நட்டுகளில் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் இறுக்கினாலும் இந்தக் கோணல் வரும். பிறகு பிரேக் போடாத நேரத்திலும் தட்டின் ஒரு பகுதி பேடை உரசிக்கொண்டே சுற்றும். பல ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பின் அந்த இடம் தேய்ந்துவிடும்.

பஞ்சர் கடையில் "டர்ர்" என்று காற்றுத் துப்பாக்கியால் நட்டு இறுக்கியது சித்திரையில். மிதி துடிப்பது ஆவணியில். அந்தக் கடையை யார் நினைக்கப் போகிறார்கள்? பழி டிஸ்க் மேல் விழுகிறது. அதே துருவின் மேல் புது டிஸ்கை மாட்டினால் புது டிஸ்கும் அதே கதிதான்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. "சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்" என்று நெருக்குகிறவர் வண்டிக்காரர்தானே? துருவைத் தேய்த்து எடுக்க நேரம் வேண்டும். அதற்குக் கூலி கேட்டால் பலருக்கு முகம் மாறுகிறது. சாமானுக்குப் பணம் கொடுப்பார்கள். உழைப்புக்குக் கொடுக்க மாட்டார்கள்!

முன்னாலா? பின்னாலா?

பட்டறைக்குப் போகும் முன் வண்டிக்காரரே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். பிரேக் போடும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டு மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரம்.

பல சிறிய கார்களில் பின்பக்கம் டிஸ்க் இல்லை, டிரம்தான். கையால் இழுக்கும் ஹாண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால், ஆள் இல்லாத சாலையில் மெதுவாகப் போகும்போது, அதன் பொத்தானை அமுக்கியபடியே சிறுகச் சிறுக இழுத்துப் பார்க்கலாம். அப்போதும் உதறினால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம்.

வேறு ஒரு துடிப்பும் உண்டு. அது கோளாறு அல்ல. மழைச் சாலையில் திடீர் பிரேக் போட்டால் மிதி படபடவென்று அடிக்கும். சக்கரம் வழுக்காமல் இருக்க ஏ.பி.எஸ். என்னும் கருவி வேலை செய்கிறது. பயந்துபோய் காலை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கவே கூடாது! கார் நிற்கும் வரை அழுத்தியே பிடிக்க வேண்டும்.

சரி, பட்டறையில் என்ன கேட்க வேண்டும்? மைக்ரோமீட்டரால் தட்டின் கனத்தைச் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்கச் சொல்ல வேண்டும். டயல் கேஜ் வைத்து, சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பல கார்களுக்கு 0.1 மில்லி மீட்டருக்கு உள்ளேதான் அனுமதி. தட்டின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் தட்டிலேயே பொறித்து இருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அந்த அளவுகளை பில்லில் எழுதி வாங்குவது நல்லது. ஹப் பேரிங் தளர்ந்து இருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் தட்டு கொதிக்கும். கீழே வந்து, டீக்கடை முன் மிதியை அழுத்தியபடியே நின்றால், சூட்டில் பேடின் பசை தட்டில் ஒட்டி அச்சுப் பதியும். அதுவும் துடிப்பாக மாறும். சின்ன கியரில் இறங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிர் எதிராக, டார்க் ஸ்பானரால், கார் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். சுமார் 100 கிலோ மீட்டர் ஓடிய பின் அதே ஸ்பானரால் மறுபடி ஒருமுறை சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.